செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தலைக்கு மேலே பறந்தவை பற்றி

நம் திருவல்லிக்கேணித் தெருச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், நான் அதற்குள் போகவில்லை. செயற்குழு மாதாமாதம் கூடியது, மே மாதம் மட்டும் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் கூடவில்லை. மழைநீர் வடிகால் வேலை அரைகுறையாக நிற்கிறது, தெருவிளக்கு எரிகிறது, நாய்த் தொல்லை போன வருஷம் போலவேதான். இவற்றுக்குக் கூட்டத்தில் கேள்வி வரும், அங்கேயே பதில் சொல்கிறேன். இந்த வருஷம் சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வானத்தில் பறந்த சமாச்சாரங்கள்தான், அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் சாகச நிகழ்ச்சி. சென்னைக்கு 21 வருஷம் கழித்து வருகிறது, 72 விமானங்கள், பதினைந்து லட்சம் பேர் கூடி லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பிடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஏகப்பட்ட விளம்பரம். பகல் 11 மணிக்கு ஆரம்பம், 1 மணிக்கு முடிவு. மெரினா மணலில் அந்த நேரத்து வெயில் எப்படி இருக்கும் என்று திருவல்லிக்கேணியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனாலும் நேரத்தை அப்படித்தான் வைத்தார்கள். இடம் பிடிக்க ஜனங்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். எந்த விமானமும் யார் மேலும் விழவில்லை. வெயில், தண்ணீர் இல்லாமை, ஒரே நேரத்தில் கலைந்த கூட்டம், இவ்வளவுதான்.

நம் தெருவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், பதிவுக்காகச் சொல்கிறேன். ஒரு மணிக்கு மேல் வாலாஜா சாலையும் பாரதி சாலையும் அசையவில்லை. பறக்கும் ரயில் நிலையத்தில் ஏற முடியாதவர்கள் சந்து சந்தாகத் திரும்பி வந்து கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார்கள். மூலை வீட்டு அம்மா முதலில் சொம்பில் கொடுத்தார், அப்புறம் குடத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டார், கடைசியில் மாடியில் சின்டெக்ஸ் தொட்டியே காலி. அவர் வீட்டுப் படியில் ஒரு பெரியவர் சாய்ந்துவிட்டார், அவர் மகள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், வண்டி ஐஸ்ஹவுஸ் பக்கம் நகர முடியாமல் நிற்கிறது என்றார்கள். கடைசியில் நம் பையன்கள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த செயற்குழுவில் பலரும் கேட்ட கேள்வி, இவ்வளவு தாழ்வாக ஜனக்கூட்டத்துக்குப் பக்கத்தில் பறக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பயணிகள் விமானம், தனியார் ஹெலிகாப்டர் போன்றவை நெரிசலான ஊருக்கு மேலேயோ திறந்தவெளிக் கூட்டத்துக்கு மேலேயோ போகும்போது, சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான கட்டடத்துக்கும் மேலே 1000 அடி இடைவெளி விட வேண்டும், இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர. சர்வதேச விதியே இதுதான். குறைக்க வேண்டுமானால் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆனால் நம் நாட்டு விமானச் சட்டம் முப்படை விமானங்களுக்குப் பொருந்தாது. 1934 சட்டத்திலேயே விலக்கு இருந்தது. விமானப்படை பறப்பது அதன் சொந்த விதிகளின்படி. ஆக, மேலே பறப்பதற்கு ஒரு பொறுப்பாளர், கீழே கூடுகிறவர்களுக்கு மாநில அரசு, போலீஸ், மாநகராட்சி என்று வேறு பொறுப்பாளர்கள். இரண்டுக்கும் நடுவில் யார் என்று கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பறந்த விதத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். கடலுக்கு மேலே, கரைக்கு இணையாகத்தான் பெரும்பாலும் சாகசம் செய்தார்கள். இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய அணியின் ஒரு விமானம் கூட்டத்தை நோக்கியே வரும்படி சாகசத்தை அமைத்திருந்தார்கள், நடுவில் மோதல், 70 பேர் இறந்தார்கள். 2002-இல் உக்ரைனின் லிவிவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுகோய் போர் விமானம் கூட்டத்துக்குள்ளேயே விழுந்து 77 பேர். அமெரிக்காவில் இன்று வேகமான ஜெட் என்றால் கூட்டத்திலிருந்து 1500 அடி தள்ளித்தான் சாகசம் காட்ட வேண்டும்.

ஆனால் 2015-இல் இங்கிலாந்தின் ஷோராமில் நடந்ததை நம் தெருக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய ஹண்டர் போர் விமானம் ஒன்று வட்டமடிக்கும்போது உயரம் போதாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. செத்த 11 பேரும் மைதானத்துக்கு வெளியே இருந்தவர்கள், சிலர் அந்த வழியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்கள். அதனால் ‘நாங்க பீச்சுக்கே போகலை சார், மாடியிலதான் இருந்தோம்’ என்பதை நான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாடிகளையும் பார்த்தேன். தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள், முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர், அதன் மேல் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், தண்ணீர்த் தொட்டி மேலே பையன்கள். ஒத்திகை நாட்களிலும் இதே கதை, அன்றைக்கு போலீஸ் பந்தோபஸ்தும் குறைவு. 2019-இல் பெங்களூரு எலஹங்காவில் விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரணின் விமானங்கள் மோதிக்கொண்டதும் ஒத்திகையில்தான்.

போலீசுக்கும் மாநகராட்சிக்கும் மனு கொடுத்தோம். இனி இப்படி ஒன்று நடந்தால் காலை ஏழு மணிக்கு வைத்து ஒன்பதுக்குள் முடியுங்கள், ஒவ்வொரு குறுக்குச் சாலை முனையிலும் தண்ணீர் லாரி நிறுத்துங்கள், ஆம்புலன்ஸுக்கு ஒரு சாலையை முழுதாக ஒதுக்குங்கள், கூட்டச் சாதனை என்று விளம்பரம் செய்யாதீர்கள் என்று கேட்டிருக்கிறோம். கடைசிக் கோரிக்கையை எடுத்துவிடலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் கூட்டப் பாதுகாப்புத் திட்டத்தின் நகல் கேட்டோம். 6(3) பிரிவின் கீழ் வேறு அலுவலகத்துக்கு அனுப்பியதாகக் கடிதம் வந்தது, அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியதாக இன்னொரு கடிதம், மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

இனி நம் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம். உபயதாரர் ஒருவர் ஹெலிகாப்டரில் பூ தூவ ஆசைப்பட்டதும், சங்கம் வேண்டாம் என்று சொன்னதும், அதனால் ஏற்பட்ட மனக்கசப்பும் தெரிந்ததே. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, பல ஊர்களில் செய்கிறார்கள், நமக்கென்ன குறைச்சல் என்று நினைத்தார். ஏஜென்ட் வந்து, ‘பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்குவோம்’ என்றார். சரி, வாங்கியதும் நகல் கொடுங்கள் என்றோம். பறக்கும்போது கீழே எதையும் போடக் கூடாது என்று 1937 விமான விதிகளிலேயே தடை இருக்கிறது, பூவானாலும் அனுமதி வேண்டும். அப்புறம் உயரம், விமானக் கட்டுப்பாட்டு அறை, போலீஸ், இன்ஷூரன்ஸ். ஒரு காகிதமும் வரவில்லை.

காகிதம் வந்திருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். தன் எடை முழுவதையும் காற்றைக் கீழே தள்ளித்தான் ஹெலிகாப்டர் தாங்குகிறது. 2022-இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஆஸ்பத்திரித் தளத்தில் இறங்கிய மீட்பு ஹெலிகாப்டரின் காற்று, கீழே நடந்துபோன 87 வயது அம்மையாரைத் தள்ளிவிட்டு அவர் இறந்தே போனார். நம் கோயிலில் என்ன இருந்தது? கீற்றுப் பந்தலுக்குள் யாகசாலை, குண்டத்தில் நெருப்பு. கருவறை மேல் இருக்கும் விமானக் கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டைச் சாரம், அதன் மேல் குடத்தோடு குருக்களும் ஸ்தபதியும். சாமியானா, தகர ஷீட், கீழே இடம் இல்லாமல் நிற்கும் வயதானவர்கள். பூ நேராக விழ வேண்டும் என்றால் தாழ வர வேண்டும், தாழ வந்தால் இத்தனையும் பறக்கும். மேலேயே நின்றால் பூ அடுத்த தெருவில் விழும்! கடைசியில் உபயதாரர் அந்தப் பணத்தை அன்னதானத்துக்குக் கொடுத்தார், அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அதே விழாவில் ட்ரோன் ஒன்று பறந்தது, அதைச் சங்கம் கூப்பிடவில்லை. பக்கத்து மண்டபக் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் கோபுரத்தையும் சேர்த்து எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார், கேபிள் ஒயரில் சிக்கி வாசல் வாழைமரத்தின் மேல் விழுந்தது. இலை கத்தியால் சீவியது மாதிரி கீற்றுக் கீற்றாகக் கிழிந்திருந்தது. ஒரு கை தள்ளி ஒரு குழந்தை நின்றிருந்தது. 2021 ட்ரோன் விதிகளின்படி கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு பறக்க விடுகிறவருக்குப் பதிவு எண், சான்றிதழ், இன்ஷூரன்ஸ் மூன்றும் வேண்டும். ட்ரோனுக்கென்று அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் சிவப்பா (தடை) மஞ்சளா (அனுமதி வேண்டும்) பச்சையா (தடையில்லை) என்றும் பார்க்க வேண்டும். கோட்டையும் கடற்படைத் தளமும் பக்கத்தில் வைத்திருக்கும் நாம் பார்க்காமல் விடவே கூடாது. அந்தத் தம்பியிடம் கேட்டால், ‘எல்லாரும் விடறாங்க அண்ணா’ என்றார்.

இனி சங்கம் நடத்தும் எந்த விழாவிலும் இந்தக் காகிதங்களைக் காட்டாமல் ட்ரோன் பறக்கக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். வீட்டு விசேஷங்களை நாம் தடுக்க முடியாது, ஆனால் தேரடியிலோ சாமி புறப்பாட்டிலோ பறந்தால் போலீசில் சொல்லிவிடுவோம், முகதாட்சண்யம் பார்க்கப்போவதில்லை.

தகவல் உரிமை மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் சங்கத் தேர்தலுக்கு முன்பு பொருளாளரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்