துளை ஒன்றுபோல் இருந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியோடு இணைத்துக்கொள்ளும் கையடக்கக் கூடுதல் திரைகளைப் பலரும் வாங்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், வாங்கும் முன் அறிய வேண்டிய ஒரு செய்தி அவற்றின் பெட்டியில் தெளிவாக அச்சிடப்படுவதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். மூலத்தை ஒரு திரையிலும் தமிழை மறு திரையிலும் வைத்துக்கொண்டால் வேலை எவ்வளவு எளிதாகும் என்பது இத்தொழிலில் இருப்போருக்குத் தெரியும். அதற்காகவே 15.6 அங்குலத் திரை ஒன்றை வாங்கினேன். கணினியில் யூ.எஸ்.பி.-சி துளை இருந்தது, திரையிலும் இருந்தது, கேபிளும் சரியாகப் பொருந்தியது. திரையில் விளக்கு எரிந்ததே தவிர, படம் வரவில்லை. பழுதென்று எண்ணி மாற்றி வாங்கிய திரையிலும் அதே நிலைதான். என் கணினியின் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே ஆனது, காட்சியை வெளியே அனுப்பாது என்பது பல நாட்கள் கழித்தே தெரிந்தது.

யூ.எஸ்.பி.-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அதன் வழியே காட்சி நேரடியாகச் செல்ல, கணினித் தயாரிப்பாளர் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு' என்ற வசதியை அந்தத் துளைக்குத் தந்திருக்க வேண்டும். அதே வடிவில் வரும் தண்டர்போல்ட் 3, 4 என்ற அதிவேக இணைப்புத் துளைகளில் காட்சி வசதி உண்டு. அவற்றின் அருகே மின்னல் குறி இருக்கும். ஆனால் சார்ஜ் வசதியைக் காட்டவும் சிலர் மின்னலை ஒத்த குறியையே இடுவதால், குறியை மட்டும் நம்பாமல் கணினியின் விவரக்குறிப்பைப் படித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. கேபிளிலும் இதே சிக்கல் உண்டு. கைபேசியோடு வரும் சார்ஜ் கேபிள்களில் பல, நொடிக்கு 480 மெகாபிட் வேகமுள்ள யூ.எஸ்.பி. 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை; காட்சிக்குத் தேவையான அதிவேகக் கம்பிகள் அவற்றில் இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

என்னைப் போல் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. திரையில் மினி எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் கணினியின் எச்.டி.எம்.ஐ. வழியே படம் பெறலாம். ஆனால் அந்தக் கேபிள் திரையை இயக்கும் அளவுக்கு மின்சாரம் தராது என்பதால் அதற்குத் தனி இணைப்பு வேண்டும். இல்லையெனில், சாதாரண யூ.எஸ்.பி. துளை வழியாகவே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டரை, அதற்குரிய மென்பொருளை நிறுவிப் பயன்படுத்தலாம். அது எழுத்து வேலைக்கு நன்றாக உதவும். ஆனால் கணினியின் செயலியைக் கொண்டே படத்தைச் சுருக்கி அனுப்புவதால், வேகமான விளையாட்டுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு கூடுதல் திரைகள் வேண்டுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எம்1, எம்2 சில்லு கொண்ட மேக்புக் ஏர் கணினிகள் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். கணினித் திரையின் முதுகில் மாட்டி இருபுறமும் விரியும் வகையை வாங்குவோர் எடையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த எடை முழுவதையும் தாங்குவது மடிக்கணினியின் கீல்தான். தனியே நிற்கும் திரையே மேல் என்பது என் கருத்து.

படம் வந்துவிட்டால் மற்றவை எளிது. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானுடன் 'பி' எழுத்தை அழுத்தி 'நீட்டி' (Extend) என்பதைத் தேர்ந்து, மேசையில் திரைகள் நிற்கும் வரிசையிலேயே அமைப்புகளிலும் அவற்றை இழுத்து வைத்தால், சுட்டி சரியான பக்கம் நகரும்.

துளை காட்சியை அனுப்புமா, எத்தனை திரைகளை ஏற்கும் என்ற இரண்டு விவரங்களையும் கணினித் தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட வேண்டும்; எத்தகைய துளையும் கேபிளும் தேவை என்பதைத் திரை விற்போர் விலைக்கு அருகிலேயே குறிப்பிட வேண்டும். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இது பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்