தம்பிக்கு அப்பா எழுதுவது

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. விஷயமே உன் சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரியும். நீ சர்வீஸ் பார்த்த ஹெலிகாப்டர் ஆளுயரம் எழும்பியதுமே, வாலைத் திருப்புகிற பெடல் பிடிக்காமல், தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்ததாம், பைலட் சட்டென்று த்ராட்டிலை மூடி இறக்கிவிட்டாராம், அடியில் கால் மாதிரி இருக்கிற ஸ்கிட் ஒன்று வளைந்ததோடு போயிற்றாம். யாருக்கும் அடியில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நீ வேளைக்குச் சாப்பிடு.

"எஞ்சின் நின்னாலும் மேல் ரெக்கை காத்துலயே சுத்தி இறக்கிவிட்டுடும்ப்பா" என்று செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தில் நின்று சொன்னாயே, அன்று எனக்கு எவ்வளவு பெருமை! கண்ட்ரோல் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. இப்போது ராத்திரியெல்லாம் அதைத்தான் படிக்கிறேன். 2018 அக்டோபர் 27-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டரில், வால் ரெக்கையின் கண்ட்ரோலில் இருந்த பேரிங் இறுகிப்போய் ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு பேரிங், தம்பி.

விசாரணைக்கு வந்தால் உள்ளதைச் சொல். அங்கே உனக்குக் கீழே ஒரு பையன் வேலை பழகுகிறான் என்றாயே, அவன் எப்படி இருக்கிறான்?

நம் பட்டறையில் இருந்த பையனை உனக்கு நினைவிருக்காது. 1996-ல் ஒரு வேனுக்கு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்டு மாற்றினேன். பிள்ளையார்பட்டி போகிற வழியில் நட் கழன்று, ஸ்டியரிங் சும்மா சுற்றி, வண்டி புளியமரத்தில் மோதியது. டிரைவருக்குக் கை முறிந்தது. நான் போய்க் குனிந்து பார்த்தேன். நட்டைக் கழலாமல் பிடிக்கிற காட்டர் பின் உடைந்திருந்தால் ஓட்டையில் துண்டு இருக்கும். ஓட்டை நிறையப் புது கிரீஸ்தான் இருந்தது. பின் என் சட்டைப் பையில் கிடந்தது.

பையன்தான் பூட்டினான் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போகும்போது ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் போனான். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

என்ன நடந்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம். வேலை போனாலும் போகட்டும், வீடு இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு. அம்மா ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவாள், அதற்கப்புறம் பண்ணு.

அப்பா