திரைச்சீலை அசைந்த படம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் மூன்று ஜன்னல் படங்களும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே டிரைபாடைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ திருந்தப் போவதில்லை. சரி, விடு.

அறைக்கு எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் வெளிச்ச அளவு) வைத்தால் ஜன்னல் வெளுத்துப்போகிறது, வெளியே நிற்கும் மரத்துக்கு வைத்தால் அறை இருண்டுபோகிறது என்று புலம்பியிருந்தாயே, அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. அவ்வளவு வெளிச்ச வித்தியாசத்தை ஒரே கிளிக்கில் பிடிக்கக் கேமராவால் முடியாது. இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்றாக எடுத்தாய் பார், அதுதான் சரி. மூன்றையும் என்ஃபியூஸிடம் கொடுத்தேன்; பல படங்களை ஒன்றாகக் கலக்கும் மென்பொருள் அது. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், ஒரே வரி: கட்டளையின் பெயர், முடிவுப் படத்துக்கு ஒரு பெயர், பிறகு உன் மூன்று படங்கள். இப்போது மரத்தின் இலையும் தெரிகிறது, அலமாரியில் புத்தக முதுகுகளின் எழுத்தும் தெரிகிறது. படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இதுவும் எச்டிஆர்தானே, பல எக்ஸ்போஷர் படங்களிலிருந்து உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் அந்த முறைதானே என்று கேட்பாய். இல்லை. இது 2007-இல் மெர்ட்டன்ஸ், காட்ஸ், வான் ரீத் என்ற மூவர் சொன்ன வழி. எந்தப் படம் எத்தனை நொடியில் எடுத்தது என்பது இதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு பிக்சலாகப் பார்த்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்தால் அதிக மதிப்பெண் போடும். இந்த ஓரமோ அந்த ஓரமோ போகப் போகக் குறைக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்போஷருக்கு 1, நிற அடர்த்திக்கு 0.2, கான்ட்ராஸ்டுக்கு (பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் இருக்கும் வித்தியாசத்துக்கு) 0 என்பதுதான் என்ஃபியூஸின் கணக்கு.

மதிப்பெண்படி அப்படியே கூட்டினால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தையல் தெரியும். அங்கேதான் 1983-இல் பர்ட்டும் அடெல்சனும் செய்த வேலை கைகொடுக்கிறது. பாதி ஆப்பிளையும் பாதி ஆரஞ்சையும் தையல் தெரியாமல் ஒரே பழமாக ஒட்டிக் காட்டியவர்கள். படத்தை மங்கலான பெரிய வடிவங்கள், நடுத்தர வடிவங்கள், மெல்லிய கோடுகள் என்று அடுக்கடுக்காகப் பிரித்துவிடுகிறார்கள். பெரிய வடிவங்களை அகலமாகக் கரைத்துச் சேர்ப்பார்கள், மெல்லிய கோடுகளை ஒடுக்கமாகச் சேர்ப்பார்கள். பிறகு எல்லா அடுக்கையும் திரும்பக் கூட்டிவிட வேண்டியதுதான். எனக்கு இதைப் படித்தபோது, இவ்வளவு எளிய யோசனை நமக்கு ஏன் தோன்றவில்லை என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் உன் திரைச்சீலை! மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கிறது. காற்றில் அசைந்திருக்கிறது, நீ கவனிக்கவில்லை. முதல் தடவை ஓட்டியபோது அதன் ஓரம் ஆவி மாதிரி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பாவம் என்ஃபியூஸ், அது திரைச்சீலை என்று அதற்கு எங்கே தெரியும்? எந்தப் படத்திலிருந்து எந்த இடத்தை எவ்வளவு எடுக்கிறது என்பதைக் கறுப்பு வெள்ளை மாஸ்குகளாகச் சேமிக்கச் சொல்ல ஒரு வழி உண்டு; வெள்ளை என்றால் எடு, கறுப்பு என்றால் விடு. சேமித்து, படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் திறந்து, நடுப் படத்தின் மாஸ்கில் மட்டும் திரைச்சீலை இருக்கும் இடத்தை வெள்ளையாகவும் மற்ற இரண்டில் கறுப்பாகவும் பூசினேன். அந்த மாஸ்குகளையே திரும்பக் கொடுத்து ஓட்டினேன். ஆவி போய்விட்டது.

பொத்தான் வைத்த மென்பொருள் இருக்க, கட்டளை எதற்கு என்று கேட்டிருந்தாய். என் அப்பாவின் கைக்கடிகாரத்தைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஓடாத கடிகாரம்; பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சக்கரங்களைப் படமெடுக்க ஆசை. அவ்வளவு கிட்டத்தில் ஒரு பல்லுக்கு ஃபோகஸ் வைத்தால் அடுத்த பல் மங்கிவிடுகிறது. அதனால் ஃபோகஸை மெல்ல நகர்த்தி நகர்த்தி 14 படம் எடுத்தேன். ஃபோகஸ் நகரும்போது உருவத்தின் அளவும் துளி மாறும், அதனால் முதலில் ஹக்கின் என்ற பனோரமா மென்பொருளோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக் என்ற கருவியில் போட்டுப் பொருத்த வேண்டும். பிறகு என்ஃபியூஸில் எக்ஸ்போஷருக்கும் நிறத்துக்கும் 0, கான்ட்ராஸ்டுக்கு 1, கூடவே ஹார்ட் மாஸ்க். அதாவது கலக்காதே, எந்தப் படத்தில் கூர்மையோ அதையே எடு என்று அர்த்தம்.

வந்தது ஒரு கந்தரகோளம். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் எடு என்றால் கம்ப்யூட்டர் 1, 10, 11, 12, 13, 14, அப்புறம்தான் 2 என்று வரிசைப்படுத்துகிறது. பொருத்தும் கருவியோ அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. 1-க்கும் 10-க்கும் என்ன ஒற்றுமை இருக்கும்? 01, 02 என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை சக்கரத்தைச் சுற்றி விசித்திரமான புகை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: முந்தைய முடிவுப் படமும் அதே கோப்புறையில் கிடந்திருக்கிறது, நட்சத்திரக் குறி அதையும் பதினைந்தாவதாக வாரிக்கொண்டு போயிருக்கிறது. முடிவுக்கு இப்போது தனிக் கோப்புறை.

மறுபடி ஓட்ட எனக்கு ஆனது முந்தைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவர மேல் அம்புக்குறியை ஒரு தட்டு, எண்டரை ஒரு தட்டு. நான் கொடுத்த எண்கள் எல்லாம் அந்த வரியிலேயே இருக்கின்றன. பொத்தானை எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தேன் என்று எனக்கு மறுநாளே ஞாபகம் இருக்காது, உனக்குத் தெரியாததா?

அப்புறம், ஆட்கள் நடமாட்டம் இல்லாமல் அந்தப் பழைய கட்டடத்தைப் படமெடுக்க முடியவில்லை என்றாயே, அதற்கு என்ஃபியூஸ் வேண்டாம். டிரைபாடை அசைக்காமல் ஒன்பது படம் எடுத்து, இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு கட்டளை மென்பொருளில் மீடியன் போடு; ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்பது மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் பாதிக்கு மேற்பட்ட படங்களில் வெறும் சுவர்தான் இருந்தால் சுவர்தான் மிஞ்சும், நடந்து போனவர் மறைந்துவிடுவார். ஓரிடத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருப்பவரை மட்டும் எந்தக் கட்டளையாலும் நகர்த்த முடியாது, நீதான் போய்ச் சொல்ல வேண்டும். இரவில் எடுக்கும் படத்தில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், தொல்லை என்றால் மீடியனுக்குப் பதில் சராசரி. 16 படம் சேர்த்தால் அது நாலில் ஒரு பங்காகக் குறையும்.

அந்த ஜன்னலை இன்னொரு முறை எடுத்து அனுப்பு. திரைச்சீலையை முதலில் கட்டிவிடு. டிரைபாடை வேறு யாராவது தூக்கி வரட்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய கூட்டாளி