வளைவு எண்ணச் சொன்ன அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

வணக்கம்.

எங்கள் பாப்பாவுக்காக ஓடியாடிய ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் அந்தத் தெம்பு வரவில்லை. தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடுமோ என்று பயமாக இருப்பதால் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத என்னால் ஆகாது.

முதலில் அந்த டிரைவர் அண்ணனுக்கு. காலையில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸை இறக்குகிறவர். பெயர் போட்டால் கூச்சப்படுவார். ஊரில் எல்லாருக்கும் ஆளைத் தெரியும்.

ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியை விட மலை இறங்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. மருந்து ஏற்றிய உடம்பு, வெறும் வயிறு, அதில் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவாள். "பஸ் வேண்டாம்மா" என்று என் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். ஒருநாள் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, முன் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் எங்களை மாற்றி உட்காரவைத்தார். "கண்ணு, எனக்கு வளைவுக் கணக்கு விட்டுப்போகுது. போர்டைப் பாத்து நீ நம்பர் சொல்லு, அப்பத்தான் வண்டி திரும்பும்" என்றார்.

அவளுக்கு அப்போது நம்பர் படிக்கத் தெரியாது. அவர் சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள். அடிவாரத்தில்தான் ஒன்றாவது வளைவு. இறங்கும்போது இருபதில் தொடங்கும். அப்படித்தான் என் மகள் எண்ணக் கற்றுக்கொண்டாள், பின்னாலிருந்து முன்னால். பதினேழை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். "பதினேழு வராம வண்டி நகராது கண்ணு" என்று அவர் வேகத்தைக் குறைப்பார். அவள் கத்திச் சொன்ன பிறகுதான் ஸ்டியரிங்கைச் சுற்றுவார். பின்னாலிருக்கிற தோட்டத்து ஆட்களும் சேர்ந்து எண்ணுவார்கள்.

முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டல் குறையும் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். அண்ணனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. வாந்தி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், அழுகை நின்றது. கண்டக்டர் தம்பி அந்த சீட்டில் தன் பையைப் போட்டு வைத்திருப்பார். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஒருவர் அதற்காகச் சண்டைக்கே வந்துவிட்டார். தம்பி அசரவில்லை. "அது கணக்குப்பிள்ளை சீட்டுங்க" என்றார்.

இந்த எண்ணிக்கை பஸ்ஸோடு நிற்கவில்லை, அதுதான் நான் சொல்ல வந்தது. முதுகுத்தண்டில் ஊசி போடும் நாட்களில் முட்டியை வயிற்றோடு மடக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களாலேயே தாங்க முடியாது. அவள் இருபதிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள். நர்ஸ் சிஸ்டர்களும் கூடவே எண்ணுவார்கள், பதினேழுக்கு மட்டும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அடிவாரம் வந்தால் வலி முடிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. பல நாள் அப்படியே முடிந்தது. டாக்டர்கள் தரமுடிந்ததையெல்லாம் தந்தார்கள். தைரியத்தை அவளுக்குத் தந்தவர் ஒரு பஸ் டிரைவர். அவருக்கு இது தெரியாது, அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அப்புறம், ராத்திரி போன் போட்டதும் ரத்தம் கொடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷினோடு கையை நீட்டிப் படுத்திருந்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துக் கிளம்பினீர்கள். பாதிப் பேர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. நர்ஸ் சிஸ்டர்கள், வார்டு ஆயாக்கள், காப்பீட்டுத் திட்டக் காகிதத்துக்கு அலைந்த பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் பெரியவனைத் தன் பிள்ளையோடு சேர்த்துச் சாப்பிடவைத்து ஸ்கூலுக்கு அனுப்பிய அக்கா, கேட்காமலே முன்பணம் கொடுத்த தோட்டத்து மேஸ்திரி, பக்கத்துக் கட்டிலில் தன் மகனை வைத்துக்கொண்டே எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வந்த தர்மபுரி அம்மா: உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தர்மபுரி அம்மா, உங்கள் பையன் நன்றாகத் தேறி வரவேண்டும் என்று தினமும் சேர்வராயனைக் கும்பிடுகிறேன்.

ஏன் எங்களுக்கு இப்படி என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் யார் யாரோ எங்களுக்காக வந்தார்கள், அதற்கும் காரணம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போது ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன், உடம்பு தேறியதும் நானும் கொடுப்பேன். சேலத்தில் எந்தக் குழந்தைக்கு அவசரம் என்றாலும் எங்களைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் இறங்கி வருவோம்.

டிரைவர் அண்ணா, இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வாரம் நீங்கள் நிறுத்தியும் நாங்கள் ஏறாமல் ஜீப்பில் போனோம். மனத்தாங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வளைவுகளை உங்கள் வண்டியில் தாண்ட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். கட்டாயம் வருவோம். அதுவரை அந்த சீட்டைக் காலியாக விட்டுவைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வேறு பிள்ளைகள் இருந்தால் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா,
ஏற்காடு