நட்சத்திரக் குறியால் வந்த வினை

அன்புள்ள சேகர்,

டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்க நீ ரஸ்ட் மொழியில் எழுதிய நிரல் வந்து சேர்ந்தது. உன்னிடம் ஆண்டுக்கணக்கில் ஓடுவது என் கணினியில் கம்பைல்கூட ஆகவில்லையே என்று இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தேவையான ட்ரெய்ட் (ஒரு வகை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரையறை), தற்செயல் எண்களைத் தரும் ராண்ட் பொதியின் வகைக்கு இல்லை என்று கம்பைலர் மறுத்தது. ஆவணத்தைத் திறந்தால் அது இருந்தது. ரஸ்டின் பொதிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கருவியான கார்கோவின் 'கார்கோ ட்ரீ' கட்டளையை, இரட்டிப்புகளைக் காட்டும் டூப்ளிகேட்ஸ் தெரிவுடன் ஓட்டிய பிறகுதான், ராண்ட் 0.7, 0.9 என இரண்டு பதிப்புகள் உள்ளே வந்திருப்பது தெரிந்தது.

தேவையான பொதிகளைப் பட்டியலிடும் கார்கோ.டாமல் கோப்பில் ஒரு பொதிக்கு 1.2 என்று எழுதினால், 1.2.0 முதல் 2.0.0-க்கு முன்வரை எந்தப் பதிப்பும் சரி என்று கார்கோ கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்குக் கணக்கு வேறு, 0.7-உம் 0.8-உம் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. நீயோ ராண்டுக்கு எதிரே எந்தப் பதிப்பும் சரி என்று பொருள்படும் வெறும் நட்சத்திரக் குறியைப் போட்டிருந்தாய். நீ பயன்படுத்தும் கையொப்பப் பொதி ராண்ட் 0.7-ஐக் கேட்க, உன் வரிக்குப் புதியதான 0.9 வந்து உட்கார்ந்தது. ஒவ்வாத இரு பதிப்புகளையும் ஒரே நிரலில் குடிவைக்கக் கார்கோ அனுமதிக்கிறது. பல கருவிகள் கைவிரித்துவிடும் இடத்தில் இது பெரிய வசதிதான். ஆனால் ஒன்றின் ட்ரெய்ட் மற்றதன் ட்ரெய்ட் ஆகாது. நம் தெருவில் ஒரே பெயரில் இருவர் இருந்து தபால் மாறிப் போனதே, அதே கதைதான்.

உன்னிடம் மட்டும் ஏன் ஓடியது என்றால், நீ முதலில் பில்ட் செய்த நாளில் கிடைத்த பதிப்புகளையும் அவற்றின் செக்சம்களையும் (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்களையும்) கார்கோ.லாக் என்ற கோப்பு குறித்து வைத்திருக்கிறது. அந்தக் கோப்பை நீ அனுப்பவில்லை. லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் பயன்படுத்தும் பொதி, எழுதுவோர் அதைக் கிட் (Git) களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாம் என்றுதான் 2023 வரை கார்கோவின் ஆவணமே சொல்லிவந்தது. அந்தப் பழக்கத்தில் நீயும் விட்டிருப்பாய். உன்னுடையது லைப்ரரி அல்ல என்பதால் அன்றைக்கும் அந்த அறிவுரை உனக்குப் பொருந்தாது. ரூபி மொழிக்கு, இதேபோல் லாக் கோப்பு வைக்கும் பண்ட்லர் என்ற பொதிக் கருவியைத் தந்த யெஹுதா காட்ஸும் கார்ல் லெர்ச்சும் கார்கோவை எழுதியதால், இந்த லாக் கோப்பு தொடக்கத்திலிருந்தே இதில் இருக்கிறது.

இப்போதைக்கு நட்சத்திரத்தை 0.7 என்று மாற்றினேன், ஓடுகிறது. நீயும் மாற்றிவிட்டு லாக் கோப்புடன் மறுபடி அனுப்பு. நான் லாக் கோப்பில் உள்ளபடியே எடுக்கச் சொல்லும் லாக்டு தெரிவோடு பில்ட் செய்து பார்க்கிறேன். பில்ட் செய்த கோப்புகள் குவியும் டார்கெட் அடைவை மட்டும் சேர்த்துவிடாதே, போன முறை அதை இறக்கியே என் அரைநாள் போய்விட்டது.

அன்புடன்,
மூர்த்தி