செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மாதக் கூட்டங்களும் கோத்தா ஜொகூர் லாமா பயணமும்

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. பொங்கல் விழாவுக்கு வழக்கமான மண்டபம் அமையாததால் தமிழ்ப்பள்ளித் திடலில் பந்தல் போட்டோம். பிள்ளைகள் ஓடியாட இடம் தாராளமாக இருந்தது, இனிமேலும் அங்கேயே வைக்கலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பள்ளி விடுமுறையில் குடும்பங்களாகப் போய்வந்த, மலேசியாவின் ஜொகூர் ஆற்றங்கரைப் பழைய கோட்டையான கோத்தா ஜொகூர் லாமா பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். இதைத் தொடர்ந்து ஒரு தீர்மானமும் இருக்கிறது.

செனாய்-டெசாரு நெடுஞ்சாலையில் ஜொகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். இறங்கியதும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "கோட்டை எங்கே?" மலாக்காவில் போர்த்துகீசியர் விட்டுப்போன கல் வாசலைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. இங்கே இருப்பது ஆற்றை ஒட்டிய மேட்டில் புல் மூடிய மண் அரண். அதன் மேல் ஏறி நின்ற பிறகுதான் விஷயம் புரிகிறது. தஞ்சோங் பத்து என்ற அந்த முனையிலிருந்து பார்த்தால் ஆறு அகலமாக விரிந்து கிடக்கிறது, கீழே வரும் எந்தக் கப்பலும் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தலைநகரை இங்கே வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1511-இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது என்பதோடு நம்மில் பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. ஊரை இழந்த சுல்தான் மஹ்மூட் ஷா பிந்தான் தீவுக்குப் போனார், அங்கேயும் 1526-இல் போர்த்துகீசியர் வந்து அழித்தார்கள், கடைசியில் சுமத்ராவின் கம்பாரில் 1528-இல் காலமானார். அவருடைய மகன் சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா இந்த ஆற்றங்கரையில் ஜொகூர் அரசை நிறுவினார். 1540-ஐ ஒட்டி ஜொகூர் லாமா தலைநகரானது. 1564-இல் சுமத்ராவின் அச்சே அரசுப் படை வந்து ஊரை எரித்து, சுல்தானையே பிடித்துக்கொண்டு போனது. பிறகு மறுபடியும் இங்கே அரசு எழுந்தது. மலாக்காவை ஜொகூர் நெருக்கியதால் கோவாவிலிருந்து டோம் பாவ்லோ டி லிமா தலைமையில் கப்பற்படை வந்து, 1587 ஆகஸ்டில் கோட்டையைப் பிடித்து ஊரைக் கொளுத்தியது. நூற்றுக்கணக்கான பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதும் அரசு அழியவில்லை. ஆற்றில் இன்னும் மேலே ஏறி பத்து சாவாரில் தலைநகரை அமைத்துக்கொண்டது. என்னை மிகவும் பாதித்தது இந்த விடாப்பிடிதான். இடித்தவர்களின் கல் வாசலை இன்று எல்லாரும் படம் எடுக்கிறோம், இடிக்க இடிக்க எழுந்தவர்களின் மேட்டுக்கு நம் வீட்டிலிருந்தே கொஞ்ச நேரப் பயணம், ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதுவரை போனதில்லை.

கோட்டையை ஒட்டிய அருங்காட்சியகம் சிறியது, அவசரமில்லாமல் பார்க்கலாம். 1953-இலும் 1960-இலும் இங்கே முறையான அகழாய்வு நடந்திருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மிங் காலத்துச் சரக்கு இந்த ஆற்றுத்துறை வரை வந்ததற்கு அவை சாட்சி. படிவம் நான்கில் படிக்கும் நம் உறுப்பினர் வீட்டுப் பெண் ஒருத்தி மலாய்க் குறிப்புகளை வாசித்துத் தன் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

தமிழர்களாக நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இந்த அரசின் பெண்டாஹாராவான, அதாவது முதலமைச்சரான துன் ஸ்ரீ லானாங், 1612-இல் மலாய் அரசர்களின் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வை எழுதத் தொடங்கினார். அதன் முன்னுரையில் தன் வம்சத்தை மணி புரிந்தான் வரை சொல்லிக்கொண்டு போகிறார். மணி புரிந்தான் இந்தியாவிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர், அவர் வழிவந்த துன் முத்தாஹிர் மலாக்காவின் பெண்டாஹாராவாக இருந்தவர். அதே நூலில், கலிங்கத்திலிருந்து படையெடுத்து வரும் ராஜா சூலன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த ஒரு கருங்கல் கோட்டையைப் பிடிக்கும் கதையும் வருகிறது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சோழர் பெயரின் எதிரொலி இந்த ஆற்றங்கரை நினைவில் இருந்திருக்கிறது என்பது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்து போகிறவர்களுக்கு: சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள், கொசு மருந்து அவசியம். மழை பெய்திருந்தால் மேட்டில் பெரியவர்களைக் கைப்பிடித்து ஏற்ற வேண்டும்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். ஜொகூர் லாமாவைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு தயாரித்து, வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கச் செயலவை பரிந்துரைக்கிறது. அடுத்த பயணமாக கோத்தா திங்கியில் உள்ள இரண்டாம் சுல்தான் மஹ்மூட்டின் கல்லறைக்குப் போகலாம் என்பதும் நம் யோசனை. 1699-இல் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்ட அவரோடு மலாக்கா அரச வம்சத்தின் நேர்வழி முடிந்தது.

பேருந்து ஏற்பாடு செய்தவர்களுக்கும், விடியற்காலையில் எழுந்து எல்லாருக்கும் புளிச்சோறு கட்டித் தந்த மகளிர் பிரிவுக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் தீர்மானத்தையும் கூட்டத்தின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்