செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025: நம் ஆரம்பப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் சொன்னவை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இங்கே கூடியிருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கங்களுக்கான 1901ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நம் பெற்றோர் சங்கத்தின் விதிகளின்படி, முடிந்த பள்ளி ஆண்டின் பணிகளைச் செயலாளர் பேரவையின் முன் வைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பள்ளி திறந்த நாள் முதல் 2025 ஜூலையில் விடுமுறை விட்ட நாள் வரையிலான காலம் இவ்வறிக்கையில் அடங்கும். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரான்சின் பகுதியான இந்த ரெயூனியன் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் இதனை முதலில் தமிழில் எழுதினேன். இத்தீவிலேயே பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் உறுப்பினர்களுக்காகப் பிரெஞ்சு வடிவம் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

வழக்கமான செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது; கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த மாதங்களில் மட்டும் வருகை குறைந்தது. கோன்செய் தெக்கோல் என்னும் பள்ளி அவையின் மூன்று கூட்டங்களிலும் நம் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். தீபாவளியை ஒட்டிப் பலகாரம் விற்றதில் வந்த தொகையைப் பொருளாளர் தம் அறிக்கையில் தெரிவிப்பார். இனி, இவ்வாண்டு சங்கம் செய்த ஒரே புதிய வேலைக்கு வருகிறேன்.

சென்ற பேரவையில், பள்ளியின் தலைமையைப் பற்றியும், படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவியைப் பற்றியும் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று முறையாகக் கேட்டறிய வேண்டும் எனத் தீர்மானித்தோம். அதன்படி பள்ளி வாசலிலும், கோயில் முற்றத்திலும், சிலரது வீட்டிற்குச் சென்றும் கேட்டோம். எழுதித் தந்தவர்களும் உண்டு. எழுதினால் பிள்ளைக்குப் பாதகமாகிவிடுமோ என்று தயங்கி வாய்மொழியாகச் சொன்னவர்களே அதிகம். எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று சதவீதக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் எனச் செயற்குழுவில் ஓர் உறுப்பினர் வற்புறுத்தினார். நான் உடன்படவில்லை. நம்மைப் போன்ற சிறிய சங்கத்தில் ஒரு வகுப்பின் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்துச் சொன்னாலே சொன்னவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

முதலில் தலைமையைப் பற்றி. தலைமை ஆசிரியை காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து உள்ளே அனுப்புகிறார் என்பதை ஏறக்குறைய எல்லாரும் நல்லவிதமாகவே குறிப்பிட்டனர். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தீவைத் தாக்கி, மின்சாரமும் குடிநீரும் நின்றுபோன நாட்களில், பள்ளி எப்போது திறக்கும் என்ற செய்தியை அவர் தாமே வாசலில் எழுதி ஒட்டியதோடு, தொலைபேசி கிடைத்த வீடுகளுக்கெல்லாம் சொல்லியனுப்பினார் என்று பலர் நன்றியோடு நினைவுகூர்ந்தனர். அதே பெற்றோர்தாம் அடுத்த மூச்சிலேயே, அவரைச் சந்திக்க நேரம் கிடைப்பதில்லை என்றும், தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை என்றும், கழிப்பறைக் கதவு மாதக்கணக்கில் உடைந்து கிடக்கிறது என்றும், ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைப் பற்றி இருமுறை முறையிட்டும் அவர் எதுவும் செய்யவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டனர்.

இக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. காரைக்காலில் நான் படித்த காலத்தில் தலைமை ஆசிரியர் என்றால் மணி அடிப்பது முதல் சுண்ணாம்பு அடிப்பது வரை அவர் சொல்தான் சட்டம். இங்கே நிலைமை முற்றிலும் வேறு. கட்டடமும், மேசை நாற்காலியும், கான்டீனும், கழிப்பறைக் கதவும் நகராட்சியின் பொறுப்பு. ஆசிரியர்களை நியமிப்பதும் அவர்களுக்குச் சம்பளம் தருவதும் அரசின் வேலை. அதை நடத்துவது தீவின் தலைநகரான சேன் தெனியிலுள்ள ரெக்தோரா என்னும் அரசுக் கல்வி அலுவலகம். ஆசிரியரை மதிப்பிடும் மேலதிகாரி நம் வட்டாரத்தின் கல்வி ஆய்வாளரே அன்றித் தலைமை ஆசிரியை அல்லர். பள்ளிக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டமும் கிடையாது. 2021 டிசம்பர் 21 அன்று வெளிவந்த சட்டம் தலைமை ஆசிரியர்களின் பணியைத் தெளிவாக்கி, பள்ளியை நடத்துவதற்கான அதிகாரத்தை அவர்களுக்குத் தந்தது உண்மைதான்; ஆயினும் சக ஆசிரியர்களுக்கு அவர்களை மேலதிகாரி ஆக்கவில்லை. நம் பள்ளியின் தலைமை ஆசிரியை வாரத்தில் சில நாட்கள் தாமும் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார். வகுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே நிர்வாகத்திற்கென நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. அவர் தொலைபேசியை எடுக்காத நேரங்களில் பெரும்பாலும் கரும்பலகை முன்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

இதனால் அவர்மீது குறையே இல்லை என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. எந்த நாளில் எந்த நேரத்தில் அவரைச் சந்திக்கலாம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் பாதி மனத்தாங்கல் எழுந்தே இருக்காது. இதை இரண்டாவது பள்ளி அவையில் கேட்டோம், ஏற்றுக்கொண்டார், தாள் மே மாதத்தில்தான் வந்தது. அவையின் நடவடிக்கைக் குறிப்பு பல பக்கங்களில் கடினமான பிரெஞ்சில் எழுதப்பட்டு அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. அதனை நின்று படிப்பவரை நான் கண்டதில்லை. கூட்டங்கள் மாலையில், வேலை முடியாத நேரத்தில் வைக்கப்படுவதைப் பற்றியும் முறையீடு உண்டு. முதல் கூட்டம் கரும்பு வெட்டும் பருவத்தில் வருவதால், வயலிலும் லாரியிலும் வேலை செய்யும் தந்தையர் எவரும் வர இயலவில்லை. நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு கேட்ட கடிதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை.

அடுத்து, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவி. பெற்றோர் மிகுதியாகப் பேசியதும், என்னை மிகுதியாக வருத்தியதும் இதுவே.

ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 36 மணி நேரம், சில பிள்ளைகளை மட்டும் சிறு குழுவாக வைத்துக்கொண்டு கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. இதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து தேவை. தொடர்புக் குறிப்பேட்டில் ஒட்டி வந்த அந்தத் துண்டுத்தாளைத் தண்டனை என்று எண்ணிச் சில பெற்றோர் கையெழுத்திட மறுத்துள்ளனர். "என் மகள் மக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா?" என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். அது இலவசமாகக் கிடைக்கும் உதவி என்று விளக்கிய பிறகு கையெழுத்திட்டார். அதற்குள் அந்தப் பருவத்தின் குழுக்கள் அமைந்துவிட்டன.

பள்ளியால் மட்டும் தீர்க்க முடியாத சிக்கல்களுக்கு ராசேத் என்னும் சிறப்புக் குழு உள்ளது. கற்றலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவும் சிறப்பாசிரியர், வகுப்பில் ஒட்டாமல் இருப்பவர்களைப் பழக்கும் ஆசிரியர், உளவியலாளர் ஆகியோர் இக்குழுவினர். இவர்கள் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர்கள் என்பதால் நம் பள்ளிக்கு அரிதாகவே வருகிறார்கள். தம் பிள்ளையை உளவியலாளர் பார்த்தாரா, என்ன சொன்னார் என்பது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று இரு குடும்பங்கள் கூறின. இந்தக் குறை நியாயமானது என்றே கருதுகிறேன். அதனைத் தலைமை ஆசிரியையிடம் எழுத்து மூலம் தெரிவித்துள்ளோம்.

எழுத்தை மாற்றி மாற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், எண்களில் குழம்பும் பிள்ளைகளுக்கும் பே.ஆ.பே. என்னும் தனித் திட்டம் உண்டு. இதைப் பெற்றோரும் கேட்கலாம், பள்ளியும் முன்மொழியலாம். ஆனால் பள்ளி மருத்துவரின் கருத்து வேண்டும், மருத்துவர் கிடைப்பதோ பெரும்பாடு. உடற்குறையோ வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைக்கு வகுப்பில் உடனிருந்து உதவ ஆள் வேண்டுமென்றால் வழி வேறு. 2005 பிப்ரவரி 11ஆம் நாள் சட்டத்தின்படி, எம்.தே.பே.ஆஷ். என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்தில் பெற்றோரே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோருக்குப் பதிலாகப் பள்ளி விண்ணப்பிக்க முடியாது. நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று, பள்ளி விண்ணப்பித்துவிட்டது என நம்பி ஓர் ஆண்டு முழுவதும் காத்திருந்தது. பள்ளியோ, குடும்பம் விண்ணப்பித்திருக்கும் என நம்பிக் காத்திருந்தது. அந்தச் சிறுவன் அவ்வாண்டு முழுவதும் கடைசி வரிசையில் தனியே உட்கார்ந்திருந்தான். இதில் யார்மீது பழி என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பெற்றோரை அழைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது பள்ளியின் பங்கு. அதே தெருவில் குடியிருக்கும் நாம் ஒருநாளும் விசாரிக்கவில்லை என்பது நம் பங்கு. விண்ணப்பம் இப்போது அனுப்பப்பட்டுவிட்டது, முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

ஆண்டின் நடுவில் காரைக்காலிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுமிக்குப் பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. புதிதாக வருபவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் சிறப்பாசிரியர் வர வாரங்கள் ஆயின. அதுவரை வகுப்பாசிரியை, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தமிழ் தெரிந்த ஒரு மாணவியை இடைவேளைகளில் இச்சிறுமியுடன் இருக்கச் செய்தார். எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாமல் தாமே யோசித்துச் செய்த இந்த ஏற்பாட்டைப் பெற்றோர் மிகவும் மெச்சினர். சங்கத்தின் சார்பில் அவ்வாசிரியைக்கு நன்றிக் கடிதம் அனுப்பினோம்.

வீட்டுப்பாடம் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் வீட்டுப்பாடமே எழுதத் தருவதில்லை, ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர் சிலர் கடுமையாகவே எழுதியிருந்தனர். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வடிவில் வீட்டுப்பாடம் தரக் கூடாது என்ற தடை 1956 முதலே இந்நாட்டில் உள்ளது. அதை நான் சொன்னபோது ஒருவர் நம்ப மறுத்து, இணையத்தில் தேடிப் பார்த்த பிறகே அமைதியானார். மனப்பாடம் செய்வதும் வாசித்து வருவதும் தடைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றை வீட்டில் யார் உட்கார்ந்து கேட்பது என்பது வேறு கேள்வி.

2024இல் பள்ளி திறந்தபோது, தேசிய மதிப்பீட்டுத் தேர்வுகள் முதன்முறையாக முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் நடந்தன. பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்கான இத்தேர்வின் முடிவைத் தர வரிசைப் பட்டியல் என எண்ணி வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். முடிவுத்தாளை ஆசிரியர் பெற்றோருடன் உட்கார்ந்து விளக்கித் தர வேண்டும் எனக் கேட்டுள்ளோம்.

பிள்ளைகளுக்கிடையே நடக்கும் துன்புறுத்தல் பற்றி இரண்டு முறையீடுகள் வந்தன. ஒன்றில் பள்ளி விரைந்து செயல்பட்டது, மற்றொன்றில் தாமதித்தது. பெற்றோர் 3018 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்ற செய்தியைத் தமிழில் அச்சிட்டு வழங்கினோம். இதற்கு மேல் விவரம் தருவது அக்குழந்தைகளுக்கு நல்லதன்று.

தைப்பூசக் காவடிக்காக விரதம் இருந்த பிள்ளைகள் கான்டீனில் இறைச்சி இல்லாத உணவு கேட்டபோது நாள்தோறும் அதைத் தர இயலாது என்று நகராட்சி கூறிவிட்டது. வாரம் ஒருமுறை சைவ உணவு தருவது சட்டப்படி கட்டாயம். அது மட்டுமே கிடைத்தது. மற்ற நாட்களில் பிள்ளைகள் சோறும் பருப்பும் சாப்பிட்டுச் சமாளித்தனர். காவடி நாளன்று வராத பிள்ளைகளைப் பற்றிப் பள்ளி எதுவும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதித் தெரிவித்ததை ஏற்றுக்கொண்டது.

வரும் ஆண்டிற்கு இரண்டு முன்மொழிவுகளைச் செயற்குழு பேரவையின் முன் வைக்கிறது. முதலாவது, எந்தக் காரியத்திற்கு யாரிடம் எழுத வேண்டும் என்பதைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரே தாளில் அச்சிட்டு, பள்ளி திறக்கும் வாரத்திலேயே எல்லாப் பெற்றோருக்கும் கொடுப்பது. இரண்டாவது, எம்.தே.பே.ஆஷ். விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த இரு உறுப்பினர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை சங்க அறையில் உட்கார்ந்திருப்பது. ஒருவர் முன்வந்துள்ளார், மற்றொருவர் தேவை. பெற்றோர் பிரதிநிதித் தேர்தலில் நம் பட்டியலில் நிற்க விரும்புவோர் இன்றே பெயர் தர வேண்டும். எந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவரானாலும் பெற்றோர் வாக்களிக்கலாம் என்பதையும், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி வாக்கு உண்டு என்பதையும் அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். சென்ற முறை கணவர் மட்டும் வாக்களித்தால் போதும் என்று எண்ணிப் பல தாய்மார்கள் வரவில்லை.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்